17,000 ஏக்கர் 'தாரைவார்ப்பு' குறித்து ஒரு திருத்தம்

2015-இல் இந்தியா நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே 17,000 ஏக்கர் நிலத்தை வங்கதேசத்துக்குத் தாரைவார்த்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த எண் ஏறக்குறைய சரிதான். ஆனால் மற்றவை தவறு.

வங்கதேசத்துக்குள் தீவுகள்போல் சிதறிக் கிடந்த 111 இந்தியத் திட்டுகளும், இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறின. முன்னவை சுமார் 17,160 ஏக்கர், பின்னவை சுமார் 7,110 ஏக்கர். கணக்கில் நமக்குக் குறைவுதான், மறுக்கவில்லை. எனினும் அந்த 111 திட்டுகளில் இந்திய நிர்வாகம் பெயரளவில்தான் இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் சொந்த நாட்டுக்கு வருவதற்கே அயல்நாட்டு மண்ணைக் கடக்க வேண்டியிருந்தது. வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியத் திட்டு, அதற்குள் ஒரு வங்கதேசத் திட்டு, அதற்கும் உள்ளே இருந்த இந்திய நிலம்தான் தஹாலா காக்ராபாரி என்ற இடம். பரப்பு இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இதை எந்த அதிகாரி எப்படி நிர்வகித்திருக்க முடியும்?

நாடாளுமன்றத்தைக் கேட்கவில்லை என்பது அதைவிடப் பெரிய பிழை. நிலப்பகுதியை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் தேவை என்று மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியில் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-இலேயே கருத்துரைத்துவிட்டது. 1974-இல் இந்திரா காந்தியும் அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரகுமானும் கையெழுத்திட்ட எல்லை உடன்பாடு நாற்பது ஆண்டுகள் முழுமையாக நிறைவேறாமல் இழுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இறுதியில் 2015 மே மாதம் 100-ஆவது அரசமைப்புத் திருத்தம் இரு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறிய பின்னரே, ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கைமாறின.