துணைவேந்தர் கதிரையில் என்னை இருத்துங்கள்
விரிவுரை இல்லை என்பதை முதல்நாள் இரவே சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? ஒட்டுசுட்டானில் விடியமுன் எழும்பி, ஏ34 வீதியால் மாங்குளம் வந்து, ஏ9இல் வருகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் பல்கலைக்கழகத்தில் இறங்கினால், கதவில் ஒரு துண்டு: 'இன்று விரிவுரை இல்லை.' ஏன், ஒட்டியவரிடம் வாட்ஸ்அப் இல்லையா? இலங்கையில் 1945இலிருந்து இலவசக் கல்வி என்கிறோம். பஸ் காசு? அது கூலிக்குப் போகிற அம்மாவின் காசு!

நான் துணைவேந்தரானால் முதல் வேலை அந்தத் துண்டுக்குத் தடை. பிறகு, நேரசூசி போடுகிற எல்லாரும் மார்கழி மழையில் ஒரு கிழமை மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும்.

பெறுபேறு மாதக்கணக்கில் வராது, நாங்கள் கட்டணம் கட்ட ஒருநாள் பிந்தினால் தண்டம். ஒரு கையொப்பத்துக்கு மூன்று கந்தோர். மூன்றிலும், 'சேர் சாப்பிடப் போயிட்டார்.' காலை பத்து மணிக்கு என்ன சாப்பாடு?