பசியைக் காட்டி வாங்கிய கையெழுத்து

கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பாவம், பாசிமணியைக் கொடுத்து ஏமாற்றி நிலத்தைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்களை ஏமாளிகள் என்பது இரண்டாவது அநியாயம்.

1670-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் அத்தனையையும் ஹட்சன்ஸ் பே என்ற தோல் வியாபாரக் கம்பெனிக்குப் பட்டயம் போட்டுக் கொடுத்தார், அங்கே குடியிருந்த யாரையும் கேட்காமல். ஆனாலும் வியாபாரம் என்று வந்தபோது கிரீக்கள் சளைக்கவில்லை. யார்க் ஃபேக்டரி என்ற கம்பெனியின் வியாபாரக் கோட்டைக்குப் படகில் வந்திறங்கிய அவர்களுடைய தலைவர்கள், வெடிமருந்தை அளவு குறையாமல் போடு, குளிரில் வெடித்துச் சிதறுகிற துப்பாக்கியை எங்கள் தலையில் கட்டாதே என்று முகத்துக்கு நேரே கறாராகப் பேசியதைக் கம்பெனிக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உடுத்தி உடுத்தி மேல்முடி உதிர்ந்து மெத்தென்று ஆன பழைய பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலுக்கு ஐரோப்பாவில் தொப்பி செய்கிறவர்களிடம் ஏகக் கிராக்கி. தாங்கள் போட்டுக் கழித்த அங்கிகளைக் கொடுத்துச் செம்புப் பாத்திரம் வாங்கிப் போனவர்களையா ஏமாளி என்கிறோம்?

அவர்களை மடக்கியது பசி. 1781-82இல் பெரியம்மை வந்து கூடாரம் கூடாரமாக வாரிக்கொண்டு போனது, அதிலிருந்தும் எழுந்தார்கள். ஆனால் சமவெளிக் கிரீக்களுக்குச் சோறு என்றால் காட்டெருமைதான். இறைச்சியை மெல்லிசாக அறுத்துக் காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பை ஊற்றித் தோல்பையில் அடைத்து வைப்பார்கள். பெமிக்கன் என்று பெயர், வருடக்கணக்கில் கெடாது, கம்பெனிப் படகோட்டிகளின் வயிற்றையும் அதுதான் நிரப்பியது. தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் 1870களின் முடிவில் அந்த மந்தைகள் அற்றுப்போயின.

1876-இல் கார்ல்டன் கோட்டையில், கிரீக்களின் நிலத்துக்காக அரசு போட்ட ஆறாம் ஒப்பந்தம் பேசப்பட்டபோது, இது எங்கள் நிலம், துண்டு துண்டாக வெட்டி எங்களுக்கே திருப்பித் தர இது பெமிக்கன் இல்லை என்று எழுந்து சொன்னார் கிரீ தலைவர் பவுண்ட்மேக்கர். பஞ்சம் வந்தால் அரசு உதவும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பஞ்சமும் வந்தது. அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பட்டினியின் விளிம்புக்கு வரும்வரை உணவு தர மறுத்துச் செலவைக் குறைக்கிறோம் என்று 1882-இல் பிரதமர் ஜான் மெக்டொனால்ட் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஆறு வருடம் கையெழுத்துப் போட மறுத்து நின்ற இன்னொரு கிரீ தலைவர் பிக் பேர், கூட இருந்தவர்கள் பட்டினியில் வாடுவதைப் பார்க்க மாட்டாமல் அதே 1882 டிசம்பரில் கையெழுத்திட்டார். இதைச் சம்மதம் என்று எந்த நியாயத்தில் சொல்வது? கார்ல்டனில் அந்தக் கையெழுத்துகள் விழுந்த அதே 1876-இல்தான், அதே விக்டோரியா ராணியின் ஆட்சியில், இங்கே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. நமக்கு இது புரியாத கதையே இல்லை.

1885-இல் கட் நைஃப் என்ற இடத்தில் கிரீக்களோடு மோதிய கனடா ராணுவம் தோற்றுப் பின்வாங்கியபோது, துரத்திப் போய்ச் சுடாதீர்கள் என்று தன் ஆட்களைத் தடுத்தவர் பவுண்ட்மேக்கர். அவருக்குத்தான் தேசத்துரோகக் குற்றம், சிறை. வெளியே வந்த சில மாதங்களிலேயே இறந்துபோனார். அவர் குற்றமற்றவர் என்று கனடா அரசு அறிவித்தது 2019-இல்.

சரி, மன்னிப்பெல்லாம் கேட்டாயிற்றே என்பவர்களுக்கு ஒன்று. ஆறாம் ஒப்பந்தப்படி தலைக்கு வருடம் ஐந்து டாலர். விலைவாசி ஏறியதற்கு ஒரு சென்ட்கூடக் கூட்டாமல் இன்றைக்கும் அதே ஐந்து டாலரைத்தான் கொடுக்கிறார்கள். முதலில் அதை இன்றைய மதிப்புக்கு உயர்த்தட்டும், விட்டுப்போன வருடங்களின் பாக்கியோடு சேர்த்து.