கட்டைவிரல் தேய்த்த இடத்தை அழிக்காதீர்கள்

பண்டாரவளையில் இருக்கும் என் நண்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற வேட்டை ரைபிளைப் புதிதாக்கப் போவதாகச் சென்ற வாரம் சொன்னார். தச்சரை அழைத்து, மரக்கட்டையிலுள்ள வடுக்கள் மறையும்வரை தேய்த்து வார்னிஷ் பூசுவதும், வெளிறிப்போன குழலுக்கு மீண்டும் கறுப்பேற்றுவதும் அவருடைய எண்ணம். வேண்டாம் என்று நான் மன்றாடினேன். ஏன் மன்றாடினேன் என்பதை அந்த இடத்தில் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அந்த ரைபிள் பேர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த லீ-ஸ்பீட் வகையைச் சேர்ந்தது. பிரித்தானியப் படையினர் தூக்கிய லீ-என்பீல்டின் உள்ளமைப்பே இதற்கும்; வேட்டைக்குப் போகிறவர் நாள் முழுதும் சுமப்பதற்காக மரத்தையும் எடையையும் குறைத்திருக்கிறார்கள். .303 அங்குல ரவைக்கானது. குழலின் அடிப்பகுதியில் ஒரு கிரீடமும், அதன் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1813இல் அமைந்த பேர்மிங்ஹாம் சோதனைச்சாலை, ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கூடுதலான வெடிமருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் நின்றவற்றுக்குக் குத்திய முத்திரை அது. 1904இல் அந்த அடையாளம் மாற்றப்பட்டது. ஆகவே, நம் கையிலிருப்பது அதற்கு முந்தியது என்று அந்த நகக்கண் அளவு முத்திரையை வைத்தே சொல்லிவிடலாம். சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

மலையகத்துக்கு இத்தகைய ரைபிள்கள் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. 1900இல் உருவாகி 1949 வரை இருந்த தோட்டத்துரைமார் ரைபிள் படையில் பயிற்சி பெற்ற துரைமாருக்கு .303 கைப்பழக்கமான ஒன்று. பிறகு 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து, தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. ஊர் திரும்பிய துரைமார் மேசை, நாற்காலி, பியானோ ஆகியவற்றோடு துவக்குகளையும் விற்றுச் சென்றார்கள். நண்பரின் தந்தையார் அப்படித்தான், அனுமதிப்பத்திரத்தை முறைப்படி மாற்றி, இதை வாங்கினார். வாங்கிய பிறகு அவர் ஒருமுறைகூட அதைச் சுட்டதில்லை. ஞாயிறுதோறும் வெளியே எடுத்து, துடைத்து, மடியில் சற்றுநேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைப்பார். அந்தப் பற்றை விளங்கிக்கொள்ள முடியாதவர்கள் உண்டு. எனக்கு அது நன்றாக விளங்குகிறது.

காரணம் என் தாத்தா. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பங்களா வேலைக்காரராக இருந்தவர் அவர். துரை வேட்டைக்குப் போய்த் திரும்பிய இரவுகளில், எத்தனை மணியானாலும், குசினியில் ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, புனல் வழியாகக் குழலுக்குள் ஊற்றுவார். முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றில் துணியைக் கோத்து, ஈரம் போகும்வரை இழுத்த பிறகுதான் எண்ணெய். எண்ணெய் மட்டும் போட்டால் ஆகாதா என்று சிறுவயதில் கேட்டேன். “உப்பு எண்ணெயில கரையாதுடா தம்பி, சுடுதண்ணியிலதான் கரையும்” என்றார். அது எவ்வளவு சரியான பேச்சு என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. அக்காலத்துத் தோட்டாக்களின் வெடிமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைட் என்ற உப்பாகக் குழலின் உட்சுவரில் படியும். காற்றிலுள்ள ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சி, எண்ணெய்ப் படலத்தின் அடியிலேயே இரும்பை அரித்துவிடும். அப்புத்தளை மூடுபனியில் அதற்கு ஓரிரவே போதும். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாத என் தாத்தா, இந்த வேதியியலைத் தம் கைகளில் வைத்திருந்தார்.

நண்பரின் ரைபிளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். நூறாண்டைத் தாண்டிய குழல். ரவையைச் சுழலவைக்கும் உட்புறச் சுருள் வரிகள் இன்னும் கூர்மையாக, கண்ணாடிபோல் மின்னுகின்றன. ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் யாரோ ஒருவர் நித்திரை முழித்துக் கொதிநீர் ஊற்றியிருக்கிறார். மரக்கட்டையில், துடைப்பதற்காகக் குழலைச் சாய்த்துப் பிடிக்கும்போது இடது கட்டைவிரல் படியும் இடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்து, வால்நட் மரத்தின் நிறமே மாறிக் கிடக்கிறது. குறிபார்ப்பவரின் கை அங்கே படாது. துடைப்பவரின் விரல்தான் அங்கே படும். துரையின் பெயர் பழைய அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறது, செய்த நிறுவனத்தின் பெயர் இரும்பில் இருக்கிறது. துடைத்தவருக்கோ அந்தத் தேய்மானம் ஒன்றுதான் கையொப்பம். வார்னிஷ் பூசினால் முதலில் போவது அதுதான் என்பதால்தான் நான் அப்படிப் பதறினேன்.

கொலைக் கருவியின் மேல் இவ்வளவு அன்பா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. 1,400 யானைகளைக் கொன்றவராகச் சொல்லப்படும் பிரித்தானியப் படை அதிகாரி மேஜர் ரொஜர்ஸ், 1845இல் இதே அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. இன்று ஹோட்டன் சமவெளியில் மரைகளைப் பார்க்கலாம், யானைகளைப் பார்க்க முடியாது. இப்போதும் நம் மலைகளில் சிறுத்தைகள் சுருக்குக் கம்பியில் சிக்கிச் சாகின்றன; 2020 மே மாதம் நல்லதண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை மீட்டும் காப்பாற்ற முடியவில்லை. வேட்டை மீண்டும் வரவேண்டும் என்று விரும்புபவன் அல்லன் நான். ஆனால் இந்த ரைபிளை உருக்கிவிடுவதால் ஒரு யானையும் திரும்பி வராது. அந்தக் காலத்தில் காட்டுக்குள் வழிகாட்டிப் போனவர், வேட்டை நாய்களை வளர்த்தவர், செத்த மரையைச் சுமந்து வந்தவர் ஆகியோரின் கடைசிச் சான்றுதான் அதனோடு சேர்ந்து போகும். நுவரெலியாவின் பழைய கிளப் சுவர்களில் கொம்புகள் தொங்குகின்றன. அவற்றைச் சுமந்தவரைக் காட்டுவதற்கு நமக்கு வேறு என்ன இருக்கிறது?

சேகரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. யார் செய்தது, எந்த ஆண்டு, எத்தனை மிருகம் விழுந்தது என்று எழுதி வைக்கிறார்கள். யார் பராமரித்தார் என்ற பத்தியை எந்தக் குறிப்பேட்டிலும் நான் கண்டதில்லை. உங்கள் பற்று உண்மையானதென்றால், நீங்கள் நேசிக்கும் அந்த மினுக்கத்தை உண்டாக்கியவரைத் தேடுங்கள்.

நண்பர் கடைசியில் இணங்கினார். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும், அதுவும் துணியால் மெல்லிய பூச்சாக. பெட்டிக்குள் வைப்பதற்கு ஒரு தாளில் முத்திரையின் விவரம், துரையின் பெயர், தந்தையாரின் பெயர் ஆகியவற்றை எழுதி, நான்காவது வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். அந்தத் தோட்டத்தின் பங்களாவில் 1975க்கு முன் வேலை செய்த ஒருவரின் மகள் இன்னும் மேல்லயத்தில் இருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறோம்.