தாய்க்காக வெட்டிய மலை

போன கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் ஒருவர் பெடியளுக்கு, மலைப்பாறை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டைக் காட்டி, “இது இராவணன் திமிரில வெட்டினது” என்றார். பெடியள் எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

நாங்கள் கேட்டு வளர்ந்த கதை வேறு. இராவணனின் தாய்க்கு உடல் வருத்தம், கோணேசரைக் கும்பிட வர ஏலாது. “வர ஏலாத தாய்க்கு மலையோட கோணேசரைக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டு வாளை எடுத்தானாம் பிள்ளை” என்பா அம்மம்மா. பிள்ளை என்றுதான் சொல்லுவா. அவவின் வாயில் அரக்கன் என்ற சொல் வந்ததே இல்லை.

மிச்சக் கதை திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் இருக்கிறது. தாய் இறந்தபின் அவளின் கிரியைக்காக உண்டானவைதான் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பார்கள். இன்றைக்கும் எங்கள் சனம், செத்தவர்களுக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகும். அம்மாவின் 31ஆம் நாள் நானும் போனேன். ஏழும் பக்கத்தில் பக்கத்தில்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. ஐந்தாவது கிணற்றில் அள்ளித் தலையில் ஊற்றும்போது வந்தது. அன்றிலிருந்து இராவணனைத் திமிர் பிடித்தவன் என்று யார் சொன்னாலும் என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடிவதில்லை.

கோணேசர் மலை பெரிய உயரமில்லை, ஏறத்தாழ 400 அடி. கோட்டை வாசலில் புள்ளிமான்களைத் தாண்டி நடந்தே ஏறலாம். ஆனால் பாறை நேரே கடலுக்குள் இறங்குவதால், ஓரத்தில் நின்றால் கிழக்கே வங்காள விரிகுடா முழுக்க விரியும். காலம் சரியென்றால் நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்த்தூவலைக்கூட அங்கிருந்தே காணலாம். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கற்கள் கீழே அந்தத் தண்ணீருக்குள் கிடக்கின்றன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின் கூட்டாளி மைக் வில்சனும் சுழியோடி அவற்றைக் கண்டார்கள். மேலே இன்றிருக்கும் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல்.

வெட்டுக்குப் பக்கத்து மரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கொப்பெல்லாம் சின்னச் சின்ன மரத்தொட்டில்கள். பிள்ளைவரம் கேட்டுப் பெண்கள் கட்டியவை. காற்றடிக்க ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்கும்.

பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் வெயில் ஏறமுன் வாருங்கள், பிறகு வெறுங்காலோடு அந்தக் கல்லில் நிற்க ஏலாது. முதலில் தொட்டில்களைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு வெட்டைக் காட்டி, மகன் ஏன் வாளெடுத்தான் என்று சொல்லுங்கள். நேரமிருந்தால் அப்படியே கன்னியாவுக்கும் கூட்டிப்போய், ஏழு கிணற்றிலும் அவர்களையே அள்ளி ஊற்ற விடுங்கள்.