நகர மேயரும் குண்டும் குழியுமான சாலையும்: உண்மை விளக்கம்

இங்கிலாந்தின் சிறு நகரங்களில் மேயர் சாலைக் குழிகளை மூடாமலும் குப்பையை அள்ளாமலும் விழாக்களுக்குப் போய் வரிப்பணத்தை வீணடிக்கிறார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறானது.

1972 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, நகர மேயர் என்பவர் நகர மன்றத்தின் தலைவர். அவரை ஆண்டுதோறும் மே மாதத்தில் மன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டத்தை நடத்துவதும், வாக்குகள் சமமாகப் பிரியும்போது தீர்மான வாக்கு அளிப்பதும்தான் அவருக்குரிய முக்கியத் தனி அதிகாரம். சாலைகளும் பள்ளிகளும் பெரும்பாலும் கவுன்டி (பல மாவட்டங்களை உள்ளடக்கிய பெரிய நிர்வாகப் பகுதி) மன்றத்தின் பொறுப்பு. வீட்டுக் குப்பையை எடுப்பது மாவட்ட மன்றத்தின் வேலை. இந்த இரண்டு மன்றங்களும் ஒன்றாக இணைந்த பகுதிகளில், இந்தப் பொறுப்புகள் அனைத்தும் ஒரே மன்றத்திடம் இருக்கும். லண்டன், மான்செஸ்டர் பெருநகர மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், பலரும் இரண்டு பதவிகளையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நகர மேயருக்குத் தரப்படும் படித்தொகை, பதவிச் செலவுகளை ஈடுசெய்வதற்காக மன்றமே முடிவு செய்து வழங்குவது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பரின் நினைவு ஞாயிறன்று, கழுத்தில் பதவிச் சங்கிலியோடு போர் நினைவுச் சின்னத்தின் முன் பாப்பி மலர்வளையம் வைத்து, பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் ஊரோடு அமைதியாக நிற்பதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கும் அவர் போவதும் அந்தப் பதவியின் வேலையே. சாலையில் குழி இருந்தால், கவுன்டி மன்றத்திடமோ, மன்றங்கள் இணைந்த பகுதியில் அந்த ஒரே மன்றத்திடமோதான் புகார் செய்ய வேண்டும்.