பெப்ரவரி 4: வன்னியிலிருந்து ஒரு கோரிக்கை

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி பிறந்ததும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சுற்றுநிருபம் வருகிறது; கொடி ஏறுகிறது, கீதம் பாடப்படுகிறது, சிற்றுண்டியோடு எல்லோரும் கலைந்து போகிறார்கள். வெளியே வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கறுப்புக்கொடியோடு நிற்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக அவர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அந்தக் கொடியை இறக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. 1957இல் இதே நாளில் திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்றிய நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்புக்கொடிக்கும் இந்த நாளுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு பழையது.

ஆனால் சுதந்திர நாளுக்கென்று இன்னொரு வேலையும் இருக்கிறது. அதை அரசும் செய்யவில்லை, நாமும் செய்யவில்லை. நாடு பிறந்தபோது தன் மக்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தது, அதை முதலில் யாரிடம் மீறியது, அந்த மக்கள் இப்போது எங்கே வாழ்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை அது. அவர்கள் மலையகத் தமிழர். அவர்களில் ஒரு பகுதியினர் இங்கே, நம் பக்கத்து வளவில்தான் இருக்கிறார்கள்.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சோல்பரி அரசியலமைப்போடு சுதந்திரம் பெற்றது. அதன் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் தீங்கான சட்டத்தையும், ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. வாக்கு நல்ல வாக்குத்தான். அதே ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவர்கூட, தன் தந்தை இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். முடியாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தவனுக்குப் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் வாக்களித்த மக்கள் சுதந்திர நாட்டில் வாக்கில்லாமல் நின்றார்கள். 29ஆம் பிரிவை நம்பி வழக்குப் போனது. 1953இல் கோடக்கன் பிள்ளை வழக்கில் அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இந்தக் கதையில் வன்னிக்கும் ஓர் இடம் உண்டு. முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்த சி. சுந்தரலிங்கம் வவுனியாத் தொகுதியின் உறுப்பினர். 1948 டிசம்பரில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை பற்றிய அடுத்த சட்டமூலம் வந்தபோது அவர் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். அதே சட்டமூலத்தில் தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான செல்வநாயகம் பிரிந்து போய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வடக்கின் தமிழ் அரசியல் இன்றைக்கு நிற்கும் அத்திவாரத்தில் மலையகத்து மக்களின் பறிபோன குடியுரிமை கிடக்கிறது. இதை நம் மேடைகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

எனக்கு இது பாடப்புத்தகச் செய்தி மட்டுமல்ல. என் தாத்தா நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1947 தேர்தலில் வாக்களித்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவருக்கு வாக்கு இருக்கவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் உடன்பாடு எழுதினார்கள். இந்த இரண்டு கணக்கிலும் தாத்தாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் லயம் எரிந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தார், பிறகு கிளிநொச்சிக் காட்டுக்கு. அந்நாட்களில் அப்படி வந்தவர்களைக் குடியமர்த்த டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் என்ற அமைப்பு உழைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் அடித்துக் கொல்லப்பட்டார். குடியுரிமை இல்லாதவனுக்கு ஒரு துண்டு நிலம் காட்டிய மனிதனுக்கு இந்த நாடு கொடுத்த முடிவு அது. மலையக மக்களில் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

29ஆம் பிரிவை 1972 அரசியலமைப்புத் தூக்கி எறிந்தது. இப்போதுள்ள 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறப்பிடம் ஆகிய எதைக் காட்டியும் எந்தக் குடிமகனுக்கும் ஓரவஞ்சனை செய்யக்கூடாது என்கிறது. 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உரிமை தருகிறது. அந்த எழுத்து அப்படியே இருக்கும்போதுதான் 2009இல் நம்மையெல்லாம் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். வட மாகாணசபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேலாகியும் தேர்தல் இல்லை. அரசின் கணக்கு இது, அதை விடாமல் கேட்க வேண்டும்.

அதே உறுப்புரையைக் கையில் எடுத்தால் நம்மிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 'சாதி' என்ற சொல்லும் 'பிறப்பிடம்' என்ற சொல்லும் கொழும்பைப் பார்த்து மட்டுமா எழுதப்பட்டவை? இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் நாற்று நட்டவர்களும் களை பிடுங்கியவர்களும் யார், அந்த வயல்களின் உறுதிகள் யார் பெயரில் இருக்கின்றன? நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்தும் காணி அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள், அந்தப் பத்திரம் இல்லாததாலேயே வீட்டுத்திட்டத்தில் பெயர் வராத குடும்பங்கள் பெரும்பாலும் எங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்? பாடசாலையில் என்னைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிட்டவர்கள் தமிழர்கள்தாம். போரின்போது எல்லோரும் ஒரே பதுங்குகுழியில் இருந்தோம், ஒரே சாவைச் செத்தோம். மீள்குடியேறிய பிறகு சம்பந்தம் பேசும்போதும் கோவில் நிர்வாகசபை தெரிவிலும் பழைய அளவுகோல் வெளியே வந்துவிட்டது. 12ஆம் உறுப்புரையின் மூன்றாவது பந்தி, கடைகளுக்குள்ளும் தன் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடங்களுக்குள்ளும் போவதை இனம், சாதி போன்றவற்றைக் காட்டித் தடுக்கக்கூடாது என்கிறது. எத்தனை கோவில் நிர்வாகிகள் அதை வாசித்திருக்கிறார்கள்?

இதைச் சொன்னால் இனப்பிரச்சினையைத் திசைதிருப்புகிறாய் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சம உரிமை கேட்கும் சமூகம் தன் வேலிக்குள் சம உரிமையைக் கொடுத்தால்தான் கேட்கும் குரலுக்கு வலு வரும்.

அதனால் என் கோரிக்கை இதுதான். பெப்ரவரி 4 நிகழ்வில் அதிபர்களும் ஆசிரியர்களும் வாழ்த்துரைகளைக் குறைத்துவிட்டு 12ஆம் உறுப்புரையையும் 14ஆம் உறுப்புரையையும் ஒரு பிள்ளையைக் கொண்டு தமிழில் முழுதாக வாசிப்பியுங்கள். (தேசிய கீதத்துக்கும் மு. நல்லதம்பி எழுதிய தமிழ் வடிவம் இருக்கிறது. நம் பாடசாலைகளில் அதைத் தலைநிமிர்ந்து பாடலாம்.) பிறகு ஊரிலுள்ள ஒரு முதியவரை அழைத்து, அவர் எங்கிருந்து ஏன் இங்கே வந்தார் என்று சொல்ல வையுங்கள். கறுப்புக்கொடி பிடிக்கும் தாய்மாரையும் பிள்ளைகள் போய்க் கேட்கட்டும்.

அன்று பிற்பகல் நாங்கள் சிலர் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் உட்காரப் போகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கான உரிமை. என் தாத்தாவுக்கு அது இல்லை, அவருடைய பூட்டப்பிள்ளைகளுக்கு இருக்கிறது. தங்கள் காணிக் கோப்பு எந்த நிலையில் கிடக்கிறது, எதற்காக நின்றுபோனது என்று பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்க விரும்பும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டையும் வீட்டிலிருக்கும் எந்தப் பழைய காணித் துண்டும் கொண்டு வாருங்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மணிக்கே வந்தால் உதவியாக இருக்கும்.