புதுப் பிள்ளையளைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, சீனியர்மார் குறிகட்டுவான் ஜெற்றியோட நிக்கட்டும்

அக்கான்ர மகளுக்கு இந்தமுறை யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைச்சிருக்கு. வெட்டுப்புள்ளி வந்த நாளில இருந்து வீட்டில வேற கதையே இல்லை, படிப்பைப் பற்றி இல்லைப் பாருங்கோ, ராகிங்கைப் பற்றி. என்ன கலர் சட்டை போடலாம், தலை எப்பிடிக் கட்டவேணும், எந்தப் பாதையால நடக்கக் கூடாது எண்டு முந்தின பட்ச் பிள்ளையளிட்ட விசாரிச்சுக்கொண்டு திரியிறாள். இதுக்குள்ள எங்கட பழைய மாணவர் வட்ஸ்அப் குறூப்பில ஒருத்தர் ஒரு யோசினையைப் போட்டார், மண்டபத்தில லைட் கட்டி வரவேற்பு வைக்கிற காசுக்கு புது பட்சை ரெண்டு இரவு நெடுந்தீவில காம்ப் அடிக்கக் கூட்டிக்கொண்டு போனா என்ன எண்டு. உடனே சண்டை. பாதிப்பேர் நல்லம் எண்டினம், மற்றப் பாதி "பொம்பிளைப் பிள்ளையளோ, கடலிலயோ, இரவிலயோ" எண்டு.

என்ர அம்மாவின்ர ஊர் நெடுந்தீவு. அதால எனக்கு இதில கொஞ்சம் கதைக்க உரிமை இருக்கு எண்டு நினைக்கிறன்.

முதல்ல இந்தப் பயம். ஒவ்வொரு வருசமும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு எங்கட சனம் குஞ்சு குருமனோட போய், வீடு வாசல், குடிக்கத் தண்ணி ஒண்டும் இல்லாத தீவில இரவு மணலில படுத்தெழும்பி, விடியப் பூசை கண்டிட்டுத் தான் வருகினம். அதில ஒருத்தரும் "இரவிலயோ" எண்டு கேக்கிறேல்லை. இருபது வயசுப் பிள்ளை கம்பஸ் ஆக்களோட போனா மட்டும் கேள்வி வருது. எனக்கு உது விளங்கேல்லை.

ஆனா காம்ப் எண்ட உடனே கை தட்டவும் நான் தயாரில்லை. 2011 இல கம்பஸுக்குப் புதுசா எடுபட்ட பிள்ளையளை தலைமைத்துவப் பயிற்சி எண்டு ஆமிக் காம்புகளுக்குக் கூட்டிக்கொண்டு போனவை, ஞாபகம் இருக்கோ? ஒழுக்கம் வரும், ஒற்றுமை வரும் எண்டு அதுக்கும் வடிவான காரணம் சொன்னவை. யார் கூட்டிக்கொண்டு போறது, அங்க போனாப் பிறகு யாற்ற சொல் எடுபடுது, இதைக் கேக்காம காம்ப் நல்லதோ கூடாதோ எண்டு அடிபடுறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

தீவிலயும் அதே கதை தான். குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம், பின்னேரக் கடைசி போட் வெளிக்கிட்டுதெண்டா விடியும்வரைக்கும் ஆரும் எங்கயும் போக ஏலாது. கம்பஸில ராகிங் எண்டா பிள்ளை கேற்றால வெளிய ஓடலாம், பஸ் ஏறலாம், அப்பா மோட்டச்சைக்கிளில வந்து ஏத்திக்கொண்டு போவார். நெடுந்தீவில எங்க ஓடுறது? அங்க திரியிற காட்டுக் குதிரையளோட தான் ஓடவேணும். 1997 இல பேராதனைக் கம்பஸில எங்கட பொடியன் ஒருத்தன் ராகிங்கால செத்துப்போய், அடுத்த வருசம் ராகிங்கைத் தடுக்க 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்து இவ்வளவு காலமாகியும் அக்கான்ர மகள் சட்டைக் கலர் விசாரிக்கிறாள் எண்டா, கடலுக்கு அங்கால சட்டம் என்னத்தைக் கிழிக்கும்?

அதால என்ர கருத்து இவ்வளவு தான், காம்ப் கட்டாயம் வேணும், ஆனா சீனியர்மார் வேண்டாம். லெக்சரர்மார் வரட்டும், சாரணர் பழக்கம் உள்ள ஆக்கள் வரட்டும், ஊர்ச் சனம் வரட்டும். ரெண்டாம் வருசம் ஜெற்றியில கை காட்டி அனுப்பிட்டு வீட்டை போகட்டும். "அப்ப சீனியர் ஜூனியர் உறவு எப்பிடி வரும்" எண்டு கேப்பினம். நோட்ஸ் குடுங்கோ, கான்டீனில ரீ வாங்கிக் குடுங்கோ, தானா வரும்.

அதோட ஒரு போட் இரவு முழுக்க ஓட்டியோட ஜெற்றியில நிக்கவேணும். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் சரி, சும்மா "எனக்கு இஞ்ச பிடிக்கேல்லை" எண்டாலும் சரி, கடல் இடங்குடுத்தா அந்த நேரமே கூட்டிக்கொண்டு போகவேணும், ஏன் எண்டு கேள்வி கேக்கக் கூடாது. இது செலவு தான். செலவு ஏலாதெண்டா காரைநகர் கசூரினாக் கடற்கரையிலயோ வேலணை சாட்டிக் கடற்கரையிலயோ செய்யுங்கோ, ரெண்டுக்கும் ரோட்டு இருக்கு, பஸ் இருக்கு. கசூரினாவில கடல் கனதூரத்துக்கு ஆழமில்லை, நீந்தத் தெரியாத பிள்ளையளுக்கும் அது நல்லம்.

நெடுந்தீவு தான் எண்டா சோளகக் காத்து எழும்ப முதல் போங்கோ, மாசி பங்குனியில. சோளகத்தில அந்தக் கடலில போன ஆக்களுக்குத் தெரியும், சத்தி எடுத்தே அரை உயிர் போயிடும்.

ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு தீவு எண்டு கேட்டா, இப்ப எங்கட கம்பஸுக்கு மாத்தறைப் பொடியனும் வாறான், ஹற்றன் பிள்ளையும் வருது, கல்முனைப் பிள்ளையும் வருது. 2016 ஆடியில விஞ்ஞான பீட வரவேற்பு விழாவில கண்டிய நடனம் வைக்கிறதில தொடங்கின பிரச்சினை தமிழ், சிங்களப் பிள்ளையளுக்கிடையில அடிபாட்டில போய் முடிஞ்சது. மேடையில யாற்ற ஆட்டம், யாற்ற மேளம் முதல் எண்டு வந்தா சண்டை தான் வரும். தீவில எல்லாரும் சேர்ந்து கூழ் காய்ச்சினா, சட்டிக்கு முன்னால அந்தப் பிரச்சினை இல்லை, ஒருத்தர் நண்டு உடைக்கவேணும், ஒருத்தர் பயித்தங்காய் முறிக்கவேணும், ஒருத்தர் பனங்கிழங்கில செய்த ஒடியல் மாவை ஊறப்போட்டு கசப்புத் தண்ணியை வடிக்கவேணும், புகை எல்லாற்ற கண்ணுக்கையும் தான் போகும். (மச்சம் சாப்பிடாத பிள்ளையளுக்குத் தனிச் சட்டி வையுங்கோ, அதை மறந்தா அங்க புதுச் சண்டை.)

போட்டில போகேக்கை 1985 மே 15 குமுதினி எண்ட போட்டில நேவியால வெட்டுப்பட்ட சனத்தைப் பற்றி ஊர்ப் பெரியாக்கள் யாராவது சொல்லட்டும். சிங்களப் பிள்ளையளும் இருப்பினம் தான், இருந்தாலும் சொல்லட்டும். அதை ஒளிச்சுப்போட்டு வாற ஒற்றுமை எனக்கு வேண்டாம், அந்தப் பிள்ளையளும் தெரிஞ்சுகொள்ளத் தான் விரும்புவினம் எண்டு நினைக்கிறன்.

இனி நெடுந்தீவாக்கள் சார்பா ரெண்டு சொல்லு. தண்ணி கொண்டு வாங்கோ. வறட்சிக்கு குதிரையளே தண்ணி தேடி அலையிற ஊர் அது, நல்ல தண்ணிக் கிணறு எண்டு விரல்விட்டு எண்ணிற அளவு தான், அதில வாளியை விட்டு நீங்கள் முழுக ஏலாது. முருகைக்கல் வேலியில ஏறி நிண்டு செல்ஃபி எடுக்காதேங்கோ, சாந்து ஒண்டும் இல்லாம வெறும் கல்லா அடுக்கினது, விழுந்தா அடுக்கித் தாறதுக்கு நீங்கள் நிக்கமாட்டியள். சோத்துப் பார்சல் சுத்தின லஞ்ச் ஷீற்றைத் திருப்பிக் கொண்டு போங்கோ. சமையலுக்கு ரவுணில இருந்து கேற்றரிங் ஏத்தாதேங்கோ, மீனும் நண்டும் அங்கத்தைச் சனத்திட்டக் காசு குடுத்து வாங்குங்கோ, சமைச்சுக் காட்டவும் அவையே வருவினம்.

பொம்பிளைப் பிள்ளையள் ரென்டில படுக்கிறதுக்குத் தாய் தகப்பன் ஓமெண்டாட்டி, ஊரில பள்ளிக்கூடம் இருக்கு, அதிபரோட கதைச்சு ரெண்டு வகுப்பறை கேளுங்கோ, ரொயிலெட்டும் இருக்கும். அதைச் சாட்டி அவையளை வீட்டில விட்டிட்டுப் பொடியள் மட்டும் போறதெண்டா அந்தக் காம்பே வேண்டாம். அக்கான்ர மகளிட்டக் கேட்டன், சீனியர் இல்லையெண்டா வாறன், ஆனா நண்டு நான் உடைக்கமாட்டன் எண்டாள்.